நல்லுசாமி பேரில் கரண்டு

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் நல்லுசாமி என்று ஒருவர் இருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயரானவர். செத்துப் பதினான்கு வருஷமாகிறது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கரண்டு பில் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அதற்குச் சில வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அவருக்கும் அது வந்தது. உயிரோடு இருப்பவனிடமே ஆயிரம் கேள்வி கேட்கிற நாட்டில் இது சாதாரணக் காரியமா?

அவர் பேரில் பில் கட்டியவள் மூத்த மகள் வேணி. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு வந்த எந்த ஜாதகமும் பொருந்தவில்லை. அம்மா போய் அப்பா விழுந்தார், அப்போதும் பொருந்தவில்லை. அதே ஜோசியர் தம்பி தமிழ்மணிக்கும் தங்கை மகாலட்சுமிக்கும் பார்த்த ஜாதகங்கள் மட்டும் பிரித்தவுடனே பொருந்தின. தம்பி ஓசூருக்குப் போய்விட்டான். தங்கை லால்குடியில் நாலு ஏக்கர் நெல் வயலுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அப்பாவின் கருமாதியன்று பந்தலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தமிழ்மணி தேம்பித் தேம்பிச் சொன்னான். "அப்பா அம்மாவைப் பார்த்துக்கிட்டது அக்காதான். இந்த வீடு அக்காவுக்குத்தான். எனக்கு ஒரு செங்கல்லு வேணாம்." மகாலட்சுமியும் மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையில் போய் உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் எழுதி வாங்குவார்களா? கௌரவமான குடும்பம்.

வேணி முன்கட்டில் இரண்டு டில்டிங் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றாள். சந்தே அவள் மாவில்தான் விடிந்தது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும் சேர்ந்து பில்லை ஏற்றின. மாவு விலையை ஏற்றினால் சந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதுதான் மொட்டை மாடியில் சோலார் போட்டால் பில் பாதிக்கு மேல் குறையும் என்று யாரோ சொல்ல, சோலார் கம்பெனியிலிருந்து சித்தார்த்தன் என்பவர் வந்து மாடி ஏறினார். போனை நாலு திசையிலும் காட்டிப் பார்த்தார்.

"மேடம், சுத்தி எங்கயும் உயரமான கட்டடம் இல்ல. ஒரு நிழல் விழல. இந்தத் தெருவுலயே உங்க மாடிதான் மாடி."

வேணியை யாரும் புகழ்ந்து பல காலமாயிற்று. மாடிக்கு வந்த புகழ்தான். ஆனாலும் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் வாரன்டி மேடம்."

"எனக்கே அவ்வளவு கிடையாதே."

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்ல."

"அப்ப அப்பா பேர்லதான் அப்ளிகேஷன் போடணும். அவர் போனுக்கு ஓடிபி வரும், கேட்டுச் சொல்லுங்க."

"அவரு இருக்கற எடத்துல டவர் கிடைக்காது தம்பி."

மின்வாரிய ஆபீஸில் கவுன்டரில் இருந்த அம்மாள் எரிந்து விழவில்லை. பொறுமையாகத்தான் விளக்கினாள். "முதல்ல உங்க பேருக்கு மாத்திக்கங்க. வாரிசுச் சான்றிதழ் வேணும். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். ரெண்டு கையெழுத்து, அவ்வளவுதாங்க."

பக்கத்து வீட்டு ஒயர்மேன் இருதயநாதனுக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்கு வேணிக்கா இந்த வேலை? ஊர்ல பாதி மீட்டர் செத்தவங்க பேர்லதான் ஓடுது. ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுருங்க."

"என் தம்பிகிட்டக் கையெழுத்து கேக்கறதுக்கு எனக்கென்ன பயம்?" என்றாள் வேணி.

தமிழ்மணி போனில் சந்தோஷப்பட்டான். "சோலாரா? சூப்பர்க்கா. படிவத்தை வாட்ஸ்அப்ல அனுப்பு." அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. அதன் பிறகு ஒரு வாரம் ஓசூரில் பேச்சுமூச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் தங்கையும் சொல்லிவைத்தாற்போல் வந்து இறங்கினார்கள். அப்பா திவசத்துக்குக்கூட இப்படிச் சேர்ந்து வந்ததில்லை. நேரே மொட்டை மாடிக்குப் போனார்கள். தமிழ்மணி கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். கிழக்கிலிருந்து மேற்கே காலடி வைத்து நடந்தான். சோலாருக்குத்தான் அளக்கிறான் என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

"பில்டர் ஒருத்தர்கிட்டப் பேசினேன். இங்க மூணு மாடி எழுப்பலாமாம். நமக்கு ஆளுக்கு ஒரு ஃபிளாட் கொடுத்துட்டு மிச்சத்தை அவர் வித்துக்குவாரு."

"நான் கரண்டுக்குத்தானேடா கையெழுத்து கேட்டேன்?"

மகாலட்சுமி முந்திக்கொண்டாள். "இன்னிக்கு மீட்டர்ல பேர் மாத்துவ. நாளைக்கு வீட்டு வரியில மாத்துவ. அப்புறம் பொங்கலுக்கு வந்தா நாங்க பெல் அடிச்சிட்டு வாசல்ல நிக்கணும்."

"இப்ப மட்டும் பொங்கலுக்கு வந்து குமியறியாக்கும்!"

"பாத்தியாண்ணே பேச்சை?"

வேணிக்கு அப்போதுதான் விளங்கியது. "சரி, சோலாரே வேணாம். பழையபடியே இருக்கட்டும். படிவத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க."

"அது எப்படிக்கா? பேச்சு வந்தாச்சுல்ல."

"மணி, கருமாதி அன்னிக்கு நீ என்னடா சொன்ன?"

தமிழ்மணி உண்மையிலேயே வருத்தப்பட்டான். "அன்னிக்கு நான் அழுதுட்டிருந்தேன்க்கா. அழறப்ப சொன்னதையெல்லாம் புடிச்சுக்கிட்டா எப்படி?"

வேணி ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். மூன்று பேருக்கும் சம பங்கு, வாயால் விட்டுக்கொடுத்தது செல்லாது, கேஸ் போட்டால் இழுக்கும் என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, அவள் வயதைக் கேட்டுவிட்டு, டீ சொல்லட்டுமா என்றார்.

அடுத்த மாதம் வீட்டுக் கூடத்தில் ஒப்பந்தம் தயாராகியிருந்தது. வேணிக்குத் தரைத்தளத்தில் பின்பக்க ஃபிளாட். வயசான காலத்தில் படி ஏற வேண்டாமே என்ற அக்கறை. தம்பியும் தங்கையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். வேணி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரம் முழுவதையும் படித்தாள். ஒன்பதாவது பக்கத்தில் விரலை வைத்தாள். குடியிருப்புக்கு மட்டும், இயந்திரம் வைத்துத் தொழில் செய்யக் கூடாது.

"இதை மட்டும் அடிச்சிருங்க. எனக்குச் சோறு போடறதே கிரைண்டருதான்."

பில்டர் நல்ல மனிதர். உடனே பேனாவை எடுத்தார். "அதுக்கென்னம்மா, அடிச்சிட்டாப் போச்சு."

"அடிக்காதீங்க சார்," என்றாள் மகாலட்சுமி. "நான் என் ஃபிளாட்டை வாடகைக்கு விடணும். கீழ கிரைண்டர் ஓடினா மேல எவன் வருவான்? தப்பா எடுத்துக்காதக்கா. எத்தனை வருஷமா மாவாட்டற? இனிமேலாவது ரெஸ்ட் எடு."

தமிழ்மணி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். பில்டர் பேனாவை மூடிவிட்டார். வேணி வேறு பேனா கேட்டு வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு ஊறப்போட்டிருந்த அரிசி பதினெட்டு கிலோ. உளுந்து தனி. ஊறியதை அப்படியே விட்டுவைக்க முடியாது. கிரைண்டரைப் போட்டு ஆட்ட ஆரம்பித்தாள். சத்தத்தில் கூடத்தில் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அது ஒரு வசதி.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது மகாலட்சுமி தூக்குவாளியோடு முன்கட்டுக்கு வந்தாள். "அக்கா, உன் மாவுக்கு இட்லி பஞ்சு மாதிரி வரும். எனக்கொரு ரெண்டு கிலோ போடு. அண்ணனுக்கும் கட்டிக் கொடு, ஓசூர் போய்ச் சேர்றதுக்குள்ள சரியாப் புளிச்சிருக்கும்."

வேணி போட்டுக் கொடுத்தாள்.