கருவாட்டுத் தாளில் பாதிக் கட்டுரை

யார் எத்தனை ரன் எடுத்தார் என்று மட்டும் அடுக்குகிற விளையாட்டுப் பக்கத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதுதான் முதல் நாளே செல்போனில் வந்துவிடுகிறதே! நான் தேடிப் படிப்பது அந்தப் பக்கத்தில் வாராவாரம் எழுதும் ஒருவரை மட்டும்தான். தோற்றவனின் அம்மா கேலரியில் என்ன செய்தாள் என்பதுகூட அவர் கண்ணில் படும். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதாத வாரம் எனக்கு டீ இறங்காது.

போன மாதம் திருவொற்றியூர் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால், நான் தவறவிட்ட அவருடைய கட்டுரை. ராயபுரத்தில் நடந்த குத்துச்சண்டை. ஒரே தெருவில் வளர்ந்து ஒரே மாஸ்டரிடம் கற்ற இரண்டு பையன்கள் முதல் முறையாக எதிரெதிரே நிற்கிறார்கள். கடைசி ரவுண்டுக்கு மணி அடிக்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

நாற்றமடிக்கும் தாளோடு திரும்ப ஓடினேன். கடைக்கார அக்கா என் கையைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாரானார்.

“இன்னா நைனா, கருவாடு சரியில்லியா?”

“கருவாட்ட வுடுக்கா. இதோட மீதி எங்க? யாரு ஜெயிச்சது?”

தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அத்த வேற யாருக்கோ மடிச்சுக் குடுத்துட்டனே. படிச்சிட்டுத்தான் கிழிச்சேன். யாரு ஜெயிச்சான்னு அவுரு எழுதவே இல்ல நைனா. ரெண்டு புள்ளைங்களும் ஒரே ஆட்டோல வூட்டுக்குப் போச்சுங்கன்னு முடிச்சிக்கிறாரு.”

“அவ்ளோதானா?”

“அதுக்கு மேல இன்னா வோணும் ஒனக்கு?”