பூ வண்டிக்குப் பின்னால் போன கார்

அப்பா அன்றுதான் முதன்முறையாகக் கார்ச் சாவியை என்னிடம் கொடுத்தார். அதுவும் அரை மனதாக. மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நிலக்கோட்டைக்குப் போய் மல்லிகை வாங்கிவர வேண்டும். அவருக்கோ பந்தல்காரரோடு மல்லுக்கட்டு. "ஒரு கீறல் விழுந்துச்சு, ஆயுசுக்கும் ஒனக்கு பஸ்ஸுதான்" என்று வாசல்வரை வந்து மிரட்டினார். வீட்டில் வேறு யாரும் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. என் லைசென்ஸ் ஆறு வருடமாகப் பர்சில் தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கையையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பூ வாங்கித் திரும்பும்போது மழை கொட்டித் தீர்த்துவிட்டது. திண்டுக்கல்லுக்குள் நுழையும் ரயில் பாலத்தடியில் தண்ணீர் நின்றது. நான் தயங்கிக்கொண்டிருக்க, பூ மூட்டை ஏற்றிய ஒரு வேன் எங்களைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கி அக்கரை ஏறிவிட்டது. பூ வண்டி போகும் வழியில் தாராளமாகப் போகலாம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த வண்டி எங்கள் காரைவிட இரண்டு முழம் உயரம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"போக்கா. நம்ம காரு சாமியார் தீர்த்தம் தெளிச்ச வண்டி, ஒண்ணும் ஆவாது" என்றாள் தங்கை.

போனேன். நட்டநடுவில் கார் இரண்டு முறை செருமிவிட்டு நின்றது. கதவிடுக்கில் நுழைந்த தண்ணீர் எங்கள் செருப்புகளைக் கிளப்பியது. மணப்பெண் சீட்டில் சம்மணமிட்டு, பூக்கூடையை மடியில் ஏந்திக்கொண்டாள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. அவளும் சேர்ந்துகொண்டாள்.

சிரித்துக்கொண்டே சாவியைத் திருகப் போனேன். அக்கரையிலிருந்து பூ வண்டிக்காரர் கத்தினார்.

"சாவியத் தொடாதீங்க! தண்ணி உள்ள போயிருந்தா ராடு வளைஞ்சு இஞ்சினே போயிரும்!"

சாவியை உருவிக்கொண்டேன். அவரே கயிறு கட்டி இழுத்து எங்களை மேட்டில் விட்டார்.

தங்கை போன் செய்ததும் அப்பா ஆட்டோவில் வந்தார். நேராக ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடு. ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்."

"தர மாட்டேம்ப்பா."

"இது யாரு வண்டி?"

"ஒங்க வண்டிதான். மெக்கானிக் வரட்டும்."

நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. அந்த நேரம் பார்த்து மறுபடியும் சிரிப்பு வந்து தொலைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாவியை மல்லிகைக்குள் ஆழப் புதைத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பஸ் டிக்கெட்டே தெரிந்தது.

மெக்கானிக் வந்து ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. பிளக்குகளைக் கழற்றி, இஞ்சினுக்குள் இருந்ததையும் வெளியேற்றினார்.

"ஒருதரம் ஸ்டார்ட் பண்ணியிருந்தா சோலி முடிஞ்சிருக்கும் சார்."

அப்பா மெல்ல இறங்கி நின்றார். எல்லாவற்றையும் மாட்டிய மெக்கானிக் சாவியைக் கேட்டார். கூடையைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். இஞ்சின் இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. நானும் தங்கையும் நடுரோட்டில் குதித்தோம்.

"எடுங்க சார்" என்று மெக்கானிக் விலகினார்.

அப்பா காரைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கக் கதவைத் திறந்து, ஈர சீட்டில் உட்கார்ந்தார்.

"எடும்மா" என்றார்.