பொட்டு வைத்த படத்தின் கீழே

இருளப்பன் இரண்டு தடவை செத்தவர். முதல் தடவை அவர் ஊரில் இல்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், கல்யாணமான வருஷமே, அவர் மலைமேல் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். போகுமுன் ஈப்போவில் சீருடையோடு ஒரு படம் எடுத்து ஆத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை முடிந்ததும் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஒரு ஆள் வந்து, "அந்தப் பட்டாளத்துல யாரும் மிஞ்சல" என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த லோரியில் மலை இறங்கிவிட்டார். ஆத்தா படத்துக்குச் சட்டம் போட்டு, கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்து, மாலை சாத்தி, ஓடைக்கரையில் கருமாதியையும் முடித்தாள். மருமகள் நீலாவதி தாலியைக் கழற்றினாள். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. கதறித் தீர்த்தாள்.

அடுத்த வருஷம் தேயிலை ஏற்ற வந்த லோரியிலிருந்து இருளப்பன் இறங்கினார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். நீலாவதி மட்டும் ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை, கால் வரவில்லை.

கருமாதி செய்த ஆளை அப்படியே வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது என்று தோட்டத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தலைமுழுக வைத்து, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் நாக்கில் தேன் தடவிப் பெயர் சூட்டினார்கள். வெகுநேரம் யோசித்து இருளப்பன் என்றே வைத்தார்கள். பிறகு நீலாவதிக்கு மறுபடியும் தாலி கட்டச் சொன்னார்கள். "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று யாரோ கேலியாகக் கேட்டதற்கு, "பாத்த மொகமா இருக்கு" என்றார்.

படம் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை. எடுக்கப் போன ஆத்தாவை "இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். அதன்பின் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார், ஆத்தாவை நல்லபடியாக அடக்கம் செய்தார், சாயங்காலமானால் மாலை போட்ட தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தார். சண்டையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் "நடந்தோம்" என்பார். திரும்பி வந்தது எப்படி என்றால், "அதுவும் நடைதான்."

ஆடி அமாவாசை தவறாமல் அந்தப் படத்துக்கு அவரே படையல் வைப்பார். சோறு, கருவாட்டுக் குழம்பு, இலை ஓரத்தில் ஒரு சிகரெட். உயிரோடு இருக்கும்போது பீடிகூடத் தொடாத மனுஷன், செத்த பிறகு பழகிக்கொண்டார் போலிருக்கிறது என்று நீலாவதி நினைத்துக்கொள்வாள். கேட்டால் பதில் வராது என்பதால் கேட்பதை என்றைக்கோ விட்டுவிட்டாள்.

மூத்த பையன்கள் இருவருக்கும் அதே தோட்டத்தில் பெண் அமைந்ததால் படத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வம்பு கடைக்குட்டி ரஞ்சிதத்துக்கு வந்தது. எழுபத்தொன்பதில், கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டும் ஒரு பையன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவனை பிரிஞ்சாங் சந்தையில் பார்த்துப் பழகியவள் ரஞ்சிதம். இவன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பையனின் அம்மா சாரதா சகுனம் பார்ப்பதில் கறார் என்று கேள்வி.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாளு படத்த எறக்கி வச்சிருவோம்லா. பெத்தவரு செத்துட்டாரு, நீங்க ரெண்டாவதா வந்தவருன்னு நெனச்சிக்கப் போறாங்க."

"இருக்கட்டும்."

அவர் குளிக்கப் போன நேரத்தில் நீலாவதி படத்தைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். குளித்துவிட்டு வந்தவர் சுவரைப் பார்த்தார், அரிசி டின்னைப் பார்த்தார். பேசாமல் எடுத்து மாட்டி, புது மாலையும் போட்டு, நாற்காலியை இழுத்து நேர் கீழே உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சாரதா கணவனோடும் மகனோடும் வந்தாள். காப்பியை வாங்கியவள் குடிக்காமல் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது யாருண்ணே? உங்க தம்பியா?"

"நாந்தான்."

"மாலை போட்டிருக்கே?"

"அப்ப செத்துட்டேன்மா."

நீலாவதி குறுக்கே புகுந்து நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க சாரதாவின் முகம் இறுகியது.

"அப்படின்னா நீங்க ஒருக்கா தாலி கழட்டுனவங்க." காப்பியைக் கீழே வைத்தாள். "சரி, ஆளு வந்ததும் படத்தையாச்சும் எடுத்திருக்கலாம். குடும்பத்துக்கு ஆகுமா இது?"

உள்ளே ரஞ்சிதம் விசும்புவது கேட்டது. இருளப்பனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அது இப்ப என் படம் இல்லம்மா," என்றார். "முருகையா படம். எங்கூட நடந்தவன். அப்பா அம்மா இல்லாதவன். பர்மா மலை எறங்கையில அவனுக்குக் காய்ச்சல் கண்டுருச்சி. மிச்சமிருந்த அரிசிய எம் பையில கொட்டிட்டு, 'ஒனக்குப் பொண்டாட்டி இருக்கா, நீ போ'ன்னான். நானும் வந்துட்டேன். பொதைக்கக்கூட ஆளில்ல. வீட்டுக்கு வந்து பாத்தா எனக்குக் கருமாதி நடந்து முடிஞ்சிருக்கு. அவனுக்குச் செய்ய யாருமில்ல, ஒரு படமும் இல்ல. செஞ்சது வீணாப் போவ வேணாம்னு அவனுக்குக் குடுத்துட்டேன்."

நீலாவதி பக்கம் திரும்பி, "சிகரெட்டு அவனுக்குத்தான்" என்றார்.

நீலாவதிக்கு அழுகை வந்தது. அந்தப் பொண்டாட்டி அவள்தான். இத்தனை வருஷமாக அந்த இலைக்குச் சோறு வடித்ததும் அவள்தான். யாருக்கென்று தெரிந்திருந்தால் இன்னும் நல்ல கருவாடாக வாங்கியிருப்பாள்.

சாரதா மறுபடியும் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எங்கண்ணன ஜப்பான்காரங்க சயாமுக்கு ரயில்பாதை போடப் புடிச்சிட்டுப் போனாங்க. நல்லதோ கெட்டதோ, ஒரு சேதியும் இல்ல. எங்கம்மா கடைசிவரைக்கும் ஒண்ணும் செய்யாமயே போய்ச் சேந்துட்டாங்க" என்றாள். கீழே வைத்த காப்பியை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. "ஆடிக்கு அவருக்கும் பக்கத்துல ஒரு எலை போடுவீங்களாண்ணே?"

"சிகரெட்டு புடிப்பாரா?"

"வெத்தல."

தை மாதம் கல்யாணம் நடந்தது.

எண்பத்தாறில் இருளப்பன் இரண்டாவது தடவை செத்தார். இந்தத் தடவை ஊரில்தான் இருந்தார். அதே நாற்காலியில், காப்பியைக் குடித்து முடித்த பிறகு. மாலை போடப் படம் தேடினால், வீட்டிலிருந்த படத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருந்தார்கள். ரஞ்சிதத்தின் கல்யாணப் படத்திலிருந்து அவரை வெட்டியெடுத்துப் பெரிதாக்கினார்கள். தோளில் சம்பந்தியின் கை மட்டும் தங்கிவிட்டது.

நீலாவதி தாலியைக் கழற்றினாள். முதல் தடவை மாதிரி கதறவில்லை. அம்மா தைரியமாக இருக்கிறாள் என்றார்கள் பிள்ளைகள். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. தேயிலை ஏற்ற லோரி மேடேறும் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்ப்பாள். அவரை எரித்தது அவளுக்கும் தெரியும். ஆனாலும் போன தடவை அதில்தான் வந்தார்.