இரண்டு மரப்படிகள்

ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் செய்யாற்று மணலை நான் அம்மாவின் இடுப்பில் இருந்துதான் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மணல் அசையும். அம்மா அடியெடுத்து வைக்க வைக்க, தண்ணீரே இல்லாத ஆறு மெள்ள நெளிந்துகொண்டு பின்னால் போகும். அக்கரையில், பெருநகர் என்ற ஊரின் பக்கம், பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். கண் சொக்கும். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஆறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது என் இதயத்தில் ஒரு சத்தத்தை விட்டுவிட்டுப் போனது. அதற்கு மாதம் ஒரு ஊசி. ஆற்றைத் தாண்டி, பெருநகரில் பஸ் பிடித்து, உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் ஊசியன்று அங்கிருந்த டாக்டர், "குழந்தையை ஓட விடாதே" என்று சொன்னார். ஓடவே கூடாது என்றால் நடப்பது மட்டும் நல்லதா என்று அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

நாற்று நடப் போகிற இடத்திலும் வரப்பில் சாக்கை விரித்து என்னை உட்கார வைத்துவிடுவாள். "மகாராணி வந்துகீறாங்கடி, வழி வுடுங்க" என்று நடவுப் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, சேற்றுத் தண்ணீரின் மேல் கால் நனையாமல் ஓடுவேன். அந்த ஓட்டத்தில் ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை.

என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கும் போக வேண்டும். வேறு ஆசையே எனக்கு இல்லை. வாத்தியார் தங்கமான மனிதர்தான், ஆனால் பயந்தவர். "நெஞ்சு வியாதிக்காரப் பொண்ணு. ஆத்துல மயங்கி வுழுந்துட்டா யாரும்மா பதில் சொல்றது? நடக்கலாம்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கினு வா, சேத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் உத்திரமேரூருக்கு ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். அவரைப் பார்க்கப் போன அன்று, பஸ்ஸில் அம்மா என் காதில் சொன்னாள்: "டாக்டரம்மா முன்னால நல்லா மூச்சு வாங்கிக்கினு நில்லு, கண்ணு. தெம்பா நின்னா கலர் தண்ணிய ஊத்தி அனுப்பிடுவாங்க. நல்ல மருந்தா குடுத்தாத்தான் நெஞ்சு சரியாவும். அப்பால நடக்கலாம்."

எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வேண்டும். மருந்து வாங்கக் கழுவிக் காயவைத்த காலி பாட்டில் அம்மாவின் மடியில் இருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் சுவரோரமாக இரண்டு மரப்படிகள் இருந்தன. அவற்றின் மேல் ஏறினால் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வாத்தியார் சீட்டு கேட்டதை அம்மா சொன்னதும், டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பிறகு, "இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கு. நான் சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்" என்றார்.

நான்கு முறை ஏறினேன். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினேன். அம்மாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது.

டாக்டரம்மா மறுபடி என் கையைப் பிடித்து எண்ணினார். "வாய்தான் மூச்சு வாங்குது. நாடி ஒண்ணுமே சொல்லலையே" என்றார். கோபமில்லை. "இது எதுக்குத் தெரியுமா? எவ்வளவு தூரம் உன்னால நடக்க முடியும்னு பாக்கத்தான். முடியலைன்னா முடியலைன்னுதான் நான் எழுதுவேன்."

அப்படி எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்ப ஏறட்டுமா?" என்று கேட்டேன்.

இந்த முறை பயம் வேறு மாதிரி இருந்தது. பொய்யாக வாங்கிய மூச்சு இப்போது நிஜமாகவே வந்துவிட்டால்? ஏறினேன், இறங்கினேன். தொடை எரிந்தது. சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாகக் கரைந்து அறை முழுக்கப் பரவியது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. படி எது, தரை எது என்று தெரியவில்லை. எங்கோ தூரத்தில் யாரோ ஒரு பெண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறாள், அவள் நிற்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"போதும்" என்றார் டாக்டரம்மா. எண்ணினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணினார். இன்னும் பொறுத்து இன்னொரு முறை.

"நாடி நல்லா ஏறிச்சு, நல்லாவே இறங்கிடுச்சு. நெஞ்சு தாங்குது. கால்தான் தாங்கல. ஏம்மா, இவ கடைசியா எப்போ நடந்தா?"

"ரெண்டு வருசமா கால் தரையில படாம பாத்துக்கினு கீறேன், டாக்டரம்மா." அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா என் மெலிந்த காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இனிமே தூக்காதே. பேசிக்கிட்டே நடக்கட்டும். பேச்சு தடைப்பட்டா உக்காரட்டும். பந்தயம் வேண்டாம், பள்ளிக்கூடம் போகலாம். ஊசியை மட்டும் விட்டுடாதே" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். வேறு மருந்து கிடையாது என்றதும் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். அந்தச் சீட்டைச் சுருட்டிக் காலி பாட்டிலுக்குள் போட்டு மூடிக்கொண்டாள்.

பெருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தோம். அம்மா வழக்கம்போல் குனிந்து கையை நீட்டினாள். "வாணாம்மா" என்று மணலில் இறங்கினேன். மணல் அசையவில்லை. பேசிக்கொண்டே போனேன். பஸ் கண்டக்டரின் விசில், மரப்படிகள், வாத்தியார், வாயில் வந்ததெல்லாம் பேசினேன். "இன்னா பேச்சுடி இது" என்றாள் அம்மா. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதெல்லாம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, நாற்றுமுடி எண்ணுவதுபோல் எண்ணினாள். எத்தனை வர வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் நடந்து வருவதை எதிரில் நின்று பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருந்தது. தோள் மறுபக்கம் சாய்ந்திருந்தது. நான் அங்கே இல்லை, ஆனாலும் ஒரு கை வளைந்து என்னைப் பிடித்திருந்தது.

"நேரா நடம்மா" என்றேன்.

"நேராத்தான வர்றேன்" என்றாள். சிரித்துக்கொண்டே இரண்டு அடி நிமிர்ந்து நடந்தாள். மூன்றாவது அடியில் மறுபடி சாய்ந்துவிட்டாள். அதன் பிறகு பல வருஷம் நான் அந்த மணலில் நடந்து படித்தேன். அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தாள்.