வாசற்படிக்கு வெளியே இருந்த கை

சட்டம் ஒரு பெண்ணைக் கேட்டது. ஒரே ஒரு பெண்ணை. பஞ்சாயத்துத் தேர்தலில் பெண் யாரும் ஜெயிக்கவில்லையென்றால், ஜெயித்த ஆண்கள் கூடி ஒருத்தியை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தேர்தலில் நின்றதில்லை, நிற்க விட்டால்தானே? தலைவர் என் அம்மாவைப் பிடித்துப் போட்டார். அப்பா அவர் கழனியில் கூலிவேலை செய்கிறவர். இவள் எங்கே வாய் திறக்கப்போகிறாள் என்ற தைரியம்.

கூட்டம் நடந்தால் பஞ்சாயத்து ஆபீசுக்குள் ஆண்களுக்கு நாற்காலி. அம்மாவுக்கு வாசற்படிக்கு வெளியே, அவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளோடு, சிமெண்டுத் தரை. பொம்பளை உள்ளே வந்து சரிசமமாக உட்காருவது ஊர் வழக்கமில்லையாம். அவள் மேல் சாய்ந்துகொண்டு அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும், பாதி ஆயுள் போன பிறகும், பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று எவனாவது மைக்கில் பேசினால் எனக்கு அந்தத் தோல் வாடைதான் அடிக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ கம்பெனிக்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய புறம்போக்கைக் கேட்டார்கள். வேலிக்காத்தான் மண்டிய நிலம். ஆண்களுக்கு அது வெறும் முள். எங்களுக்கு அதுதான் மறைவு. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் விடியுமுன் சொம்போடு ஒதுங்குகிற ஒரே இடம். கூட்ஸ் வண்டி வந்தால் பாதியில் எழுந்து, அது போய்த் தொலைகிறவரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். அந்த அரைகுறை மறைவையும் பிடுங்கிக் கொடுக்கத்தான் கூட்டம் போட்டார்கள்.

அம்மா கிணற்றடியில் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஒவ்வொருத்தியும் வீட்டில் சண்டை பிடித்திருந்தாள். அதனால் ஓட்டெடுப்பில் கைகள் சரிபாதியாக நின்றன. தலைவர் தனக்கு எதிராகக் கை தூக்கியவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாய்யா, ராத்திரி ஊட்ல சோறு போடலியா உங்களுக்கு?”

அப்போதுதான் வெளியிலிருந்து அம்மாவின் கை எழுந்தது. சேற்றில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.

“நானும் வேணான்றேன் தலைவரே. என் கையையும் சேத்துக்குங்க.”

“நீ எங்க குந்திக்கினு கீற? படிக்கு வெளிய கீற கை கணக்குல வராதும்மா.”

“வெளிய குந்த வெச்சது யாரு? இதோ, உள்ள வரேன்.”

“ஓட்டு முடிஞ்சி போச்சி. பேஜாரு பண்ணாம எல்லாருக்கும் டீ வாங்கியா, போ.”

சரிபாதியானால் தலைவர் வைத்ததுதான் முடிவு. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் கை தூக்கியவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

கம்பி வேலி வந்தது. மறுநாள் விடியலில் பெண்கள் சொம்போடு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா திரும்பி நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் நடந்தோம். பஞ்சாயத்து ஆபீசைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்தோம்.

வெயில் ஏறியதும் தலைவர் வந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

“தூ! மன்சங்களாடி நீங்கள்லாம்? ஆபீசாண்டயா வந்து குந்துவீங்க?”

“படிக்கு வெளியதான் தலைவரே குந்தனோம்” என்றாள் அம்மா. “கணக்குல வராது.”

தினமும் போனோம். நாற்றத்தில் ஒரு கூட்டமும் நடத்த முடியாமல் கடைசியில் ஊர்க்கோடியில் நாலு சுவர் எழுப்பினார்கள். கூரை இல்லை, தண்ணீர் இல்லை. சுவரில் தலைவர் பெயர் மட்டும் பெரிதாக, சிவப்பு பெயிண்டில்.

அதற்குத் திறப்பு விழா வேறு! பெண்களின் கக்கூசுக்கு முன்னால் நாற்காலி போட்டு, அத்தனையிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலைத் தட்டை ஏந்தி நிற்க மட்டும் ஒரு பெண் உறுப்பினர் தேவைப்பட்டாள். கூப்பிட ஆள் அனுப்பினார்கள்.

அம்மா சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“நான் வரலன்னு சொல்லு. அவங்களே மொதல்ல உள்ள போயி குந்திக் காட்டட்டும்.”