பல் பிடுங்கத்தான் என்று சொன்னோம்

அம்மாவுக்கு வாய் அதிகம் என்று எங்கள் ரப்பர் தோட்டமே சொல்லும். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் மண்டோர்கூட அவளிடம் வாயைக் கொடுக்கமாட்டார். அந்த வாயில்தான் புண் வந்தது. எல்லாம் வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாத புண்ணைப் பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், கோலாலம்பூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஒரு தனியார் டாக்டர் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் பல வருஷம் இருப்பாளாம். ஆனால் பேச்சு போய்விடும், சோறு மென்று தின்ன முடியாது. எடுக்காவிட்டால் ஒரு வருஷம் தாண்டுவதே கஷ்டம். இதையெல்லாம் அப்பாவிடமும் என்னிடமும்தான் சொன்னார். அம்மா வெளியே பெஞ்சில் யாரோ ஒரு சீனப் பாட்டியோடு அரைகுறை மலாயில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

நோயாளியிடம் இந்த நோயின் பெயரைச் சொல்வது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. சொன்னால் பாதி உயிர் அப்போதே போய்விடும் என்று பயம். அப்பாவும் மாமாவும் நானும் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்று பேசி முடித்தோம். செலவுக்கு ஒரே வழிதான் இருந்தது. வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால், பக்கத்து டவுன் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு சின்ன வீடு வாங்க அம்மா வருஷக்கணக்காய் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி அப்பா பெயரில் சேர்த்த பணம். உயிரைவிட வீடு பெரிதா என்றார் மாமா. எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது.

அம்மாவிடம் பல் பிடுங்க வேண்டும் என்றோம்.

"பல்லுக்கு எதுக்குய்யா அவ்ளோ தூரம்? பெர்ஜுந்தாய்லயே புடுங்குவாங்க லா," என்றாள் பஸ்ஸில். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் வாக்குப் பொய்க்கவில்லை. அம்மா கஞ்சித் தண்ணீரிலேயே வருஷங்களை ஓட்டினாள். என் கல்யாணத்தைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள். பார்த்தீர்களா, காப்பாற்றிவிட்டோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். அவள் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போவதில்லை என்பதை நாங்கள் பேசுவதில்லை.

பிறகு ஒரு நாள் பத்தாங் காலியிலிருந்து சின்னம்மா வந்தாள். அவளுக்கும் அதே புண், அதே டாக்டர், அதே பேச்சு. பழக்கதோஷம், ஆண்களெல்லாம் மறுபடி லயத்துக்குப் பின்னால் போய் நின்றோம். என் மகள் என் இடுப்பில் இருந்தாள். அம்மா தன் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நிறுத்தினாள். என்னைப் பார்த்து, சொல் என்று கையை ஆட்டினாள்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சின்னம்மா அழவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அன்னிக்கு ஒன்கிட்ட கேட்டிருந்தாங்கன்னா, வெட்டச் சொல்லியிருப்பியா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, இல்லை என்று தலையாட்டினாள்.