பூட்டிய பேச்சுப் பக்கம்

தடை செய்யப்பட்டவர்கள் எல்லாரும் சொல்லும் பொய் ஒன்று உண்டு: "அது நான் இல்லை, என் தம்பி. ஒரே வீட்டில் இருக்கிறோம்." அப்படி எத்தனையோ தம்பிகளைப் பார்த்துவிட்டேன். இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றின் தமிழ்ப் பகுதியில் ஒன்பது வருடமாக நான் நிர்வாகி. யாரும் என்னைக் கெஞ்சி அழைக்கவில்லை, நானேதான் போய் மாட்டிக்கொண்டேன். அங்கே பாதி நேரம் சண்டை தீர்ப்பதிலேயே போகும். தீராத சண்டை என்றால் ஆளை வெளியே அனுப்புவதில் போகும்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்யவேண்டும். ஒரு எண் பிசகினால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். அந்தக் கறார் கலைக்களஞ்சியத்துக்கும் என்னோடு வந்துவிட்டது. அங்கே என்னை ஆண் என்று நினைத்து எல்லாரும் 'ஐயா' போடுவார்கள். நான் திருத்தியதில்லை. ஐயாவுக்கு அடங்குகிறவர்கள் அக்காவுக்கு அடங்கமாட்டார்கள்.

முத்துக்குளிப்பு பற்றிய கட்டுரையில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் அழிப்பார். முதலாமவர் எழுதியது இதுதான்: கடலுக்கடியில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தன் தங்கையின் தாலி போய்விடும் என்ற பயத்தில் அவன் கயிற்றை விடவே மாட்டான். இதற்கு ஆதாரம், முத்துக் குளித்த தன் தாத்தா சொன்னது. இரண்டாமவர் அந்த வரியின் வாலில் 'சான்று தேவை' என்று ஒட்டினார்.

"தாத்தா சொன்னது சான்று ஆகாது. நூல் இருந்தால் காட்டுங்கள்."

"கடலுக்கடியில் நூலகம் கிடையாது."

"ஊர்க்கதைக்கு இங்கே இடமில்லை."

"நீங்கள் எந்த ஊர்?"

"உங்கள் ஊர்தான்."

கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள்கூட விடவில்லை. நான் நடுவில் புகுந்து, "என்று சிலர் கூறுவர்" எனச் சேர்த்துவிடலாமே என்றேன். உடனே இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டினார்கள். "இது மழுப்பல்" என்று இருவரும் ஒரே சொல்லால் திட்டியதில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கணக்குகள் எந்த இணைப்பிலிருந்து வருகின்றன என்று பார்க்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்டேன். இரண்டும் ஒரே இணைப்பு என்று பதில் வந்தது. ஆக, ஒரே ஆள் இரண்டு வேஷம் கட்டி இரண்டு மாதமாக என்னை ஆட்டிவைத்திருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு கணக்கையும் நிரந்தரமாகத் தடை செய்தேன்.

தடைபட்டவர் எழுத முடிகிற இடம் ஒன்றுதான், அவருடைய கணக்கோடு வரும் சொந்தப் பேச்சுப் பக்கம். அன்றைக்கே முதலாமவர் தன் பக்கத்தில் எழுதினார்.

"அது என் மகள். இதே வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. இங்கே மட்டும்தான் என்னோடு பேசுகிறாள். சண்டைதான் போடுகிறாள், ஆனாலும் பேசுகிறாள். என்னை வேண்டுமானால் வெளியே வையுங்கள். அவளுக்குத் திறந்துவிடுங்கள்."

தம்பி போய் இப்போது மகள் வந்திருக்கிறாள் என்று சிரித்தேன். பக்கத்து மேசைக்காரிக்குப் படித்தும் காட்டினேன், அவளும் சிரித்தாள். பிறகு எல்லாருக்கும் ஒட்டுகிற அதே வரியை ஒட்டினேன்: 'வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.'

நான்கு மாதம் போயிருக்கும். உரக் கப்பல் வந்து மேசை நிறையத் தாள் கிடந்த ஒரு காலை. அண்மைய மாற்றங்களின் பட்டியலில் அவருடைய பேச்சுப் பக்கம் தலைகாட்டியது. கணக்கில் நுழையாமல், வேறொரு இணைப்பிலிருந்து யாரோ அங்கே நாலு வரி எழுதியிருந்தார்கள். வெளியே அனுப்பப்பட்டவர்கள் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வருவது வழக்கம்தான். நான் அதைப் படிக்கவில்லை. பக்கத்தையே நீக்கி, யாரும் மறுபடி எழுதாதபடி பூட்டினேன். காரணம் கேட்ட பெட்டியில் 'தடையை ஏய்த்தல்' என்று போட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் எழுபதை ஒட்டிய ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் போன்.

"இங்கன கலைக்களஞ்சியத்துல நிர்வாகியா இருக்க அண்ணாச்சி யாரு?"

"நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளைன்னுல்லா நெனச்சேன்."

கலைக்களஞ்சியத்தில் என் அறிமுகப் பக்கத்தில் ஊரையும் தொழிலையும் போட்டிருந்தேன். அவரோ துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு பேரிடம் விசாரித்தால் போதும். கட்டுரையின் பெயரைச் சொன்னதும் ஆள் யாரென்று புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"திட்ட வரல பிள்ள. எம் மவ போயிட்டா. கனடாவுல வேல. எட்டு மாசம் ஆவுது. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா."

கேட்காமலே மற்றதையும் சொன்னார். அம்மா இல்லாத வீடு. மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவள் ஒருவனைக் கட்டவேண்டும் என்றாள், இவர் முடியாது என்றார். அவன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

"சோத்த ஆக்கி மூடி வச்சிட்டுப் போயிருவா. நான் எடுத்துப் போட்டுத் திம்பேன். பொழுது போவலன்னு அந்தக் கட்டுரைய எழுத ஆரம்பிச்சேன். நாலாம் நாளு புதுசா ஒரு கணக்கு வந்து சான்று கேக்குது. பேரு என்ன தெரியுமா? அவ அம்மைய நான் வீட்டுல கூப்பிடுத பேரு. அது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு எம்புட்டு சந்தோஷம்னு சொல்ல முடியாது பிள்ள. ராத்திரி பகலா சண்ட போட்டோம்."

போனை நீட்டினார். பழைய மின்னஞ்சல் ஒன்று. 'உங்கள் பேச்சுப் பக்கத்தில் புதிய செய்தி உள்ளது.' அதை அழுத்தினால் 'இப்பக்கம் நீக்கப்பட்டது' என்று வந்தது. கீழே என் கணக்கின் பெயர்.

"அழிச்ச பொறவும் அதுல இருந்தது உங்களுக்குத் தெரியுமாமே. எம் மவ என்ன எழுதியிருந்தான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"அப்பவே அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். குற்றத்தில் பாதியை அவர் தலையில் கட்டப் பார்த்தேன், வேறென்ன?

"அவ ரூம் கதவு வரைக்கும் போனேன். கையத் தூக்குனேன். தட்டல."

நீக்கிய பக்கத்தைத் திறந்து முதல் தடவையாகப் படித்தேன்.

"அப்பா, மச்சான் பற்றி நீங்கள் எழுதியதே இருக்கட்டும். சான்று கேட்டதை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போகாதே என்று ஒரு வார்த்தை இங்கே எழுதுங்கள், போகமாட்டேன். தினமும் வந்து பார்ப்பேன்."

திரையை மறைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அதைச் சொல்லத் துணிவில்லாமல்தான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இதுல இப்ப எழுதலாமா?"

பக்கத்தை மீட்டு, பூட்டைத் திறந்து, இரண்டு கணக்குகளின் தடையையும் நீக்கினேன். அவர் என் மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, 'போகாதே' என்று அடித்தார். அவள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்று சற்று முன் சொன்னவரே அவர்தான்.

"இனி இத அழிச்சிராதீங்க, என்னா?" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் கேட்டபடி அந்த 'சான்று தேவை'யை நானே எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வேறொருவர் அதைத் திரும்ப ஒட்டிவிட்டு, "ஐயா, விதி உங்களுக்குத் தெரியாததா?" என்று எனக்கு எழுதினார். அவர் செய்தது சரிதான். நான் மறுக்கவில்லை.

அந்தப் பேச்சுப் பக்கம் என் கவனிப்புப் பட்டியலில் இருக்கிறது, யாராவது தொட்டால் மேலே வரும். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை அது பட்டியலில் மேலே வந்தது. பதறிக்கொண்டு திறந்தேன். தானாக ஓடும் நிரல் ஒன்று அங்கே ஓர் இடைவெளியைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தது.

வியாழக்கிழமைதோறும் அவரிடமிருந்து போன் வருகிறது.

"ஏதும் வந்திச்சா பிள்ள?"

"இல்ல அண்ணாச்சி."

"பக்கம் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி. தொறந்துதான் இருக்கு."